காவல்காரனுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு



ஆன்ட்டி வைரஸ் இல்லாத கம்ப்யூட்டர், கதவில்லாத வீடு என்பார்கள். உண்மைதான். 1986-இல் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், பிளாப்பியில் ஏறி நாடு நாடாகப் போனது. 2017 மே மாதம் வந்த ‘வான்னாகிரை’, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாகப் பரவி, ஏறத்தாழ 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டது. ஆனாலும் அந்தக் காவல்காரனை, “கொஞ்சம் உட்காருப்பா” என்று சொல்ல வேண்டிய வேளையும் ஒன்று உண்டு. அதுதான் பாட்டைப் பதிவு செய்யும் வேளை!

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். மீனவர்கள் வேலை செய்யும்போது பாடும் பாட்டுக்கு ‘அம்பா’ என்று பெயர். ஒருத்தர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, அந்தத் தாளத்தில் அத்தனை கைகளும் ஒன்றாக வலையை இழுக்கும். படகில் இன்ஜின் வந்தது. துடுப்போடு பாட்டும் கரையேறிவிட்டது. எங்கள் தெருவில் இன்றைக்கு அதை முழுசாகப் பாடத் தெரிந்தவர் என் தாத்தா ஒருவர்தான். வயது 78. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் அவருக்கு மூச்சு நிற்காது.

ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஒரு யூஎஸ்பி மைக், இலவசமாகக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ மென்பொருள். இவ்வளவுதான் நம்ம ஸ்டுடியோ! பாடி முடித்துப் போட்டுக் கேட்டால், நடுநடுவே ‘டிக்... டிக்’ என்று வெட்டு.

“இன்னாடா பேராண்டி இது, நண்டு கடிச்ச மாதிரி கீது?” என்றார் தாத்தா.

“இன்னொரு வாட்டி பாடு தாத்தா.”

“தொண்டை கட்டிக்கிச்சுடா. நாளைக்குப் பார்க்கலாம்.”

எழுபத்தெட்டு வயதுக்காரர் சொல்லும் ‘நாளைக்கு’ என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

வெட்டு ஏன் விழுகிறது? இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஏரியின் ‘பாடு’ முறையே போதும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு அவன் பாடு. கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை உண்டு. சி.டி. தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுத வேண்டும். வரும் ஒலி முதலில் ‘பஃபர்’ என்ற சின்னக் கூடையில் விழும். 256 அளவுகள் பிடிக்கும் கூடை என்றால், அது நிரம்ப 6 மில்லி செகண்டுகூட ஆகாது. அதற்குள் அள்ளிக் கொட்டியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி வைரஸ், எழுதப்படும் பைலைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால், முறை தவறிவிடும். கூடை வழிந்து சிந்திய ஒலிதான் அந்த ‘டிக்’.

ஊகத்தை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதுதானே டிப்ளமோ மாணவனுக்கு அழகு! மறுநாள் காலை, ஆன்ட்டி வைரஸ் ஓடும்போது பத்து நிமிடம், நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம், வீட்டு டேபிள் ஃபேன் சத்தத்தையே பதிவு செய்தேன். முதலாவதில் ஏழு வெட்டு. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை!

நிறுத்துவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு, நண்பர்களே. முதலில் வைஃபையை அணையுங்கள். பென் டிரைவ் எதையும் செருகாதீர்கள். அதற்குப் பிறகு ஆன்ட்டி வைரஸை நிறுத்திப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் முதலில் காவலை எழுப்புங்கள், அப்புறம்தான் இன்டர்நெட். விண்டோஸில் உள்ள காவல் சிறிது நேரத்தில் தானாகவே விழித்துக்கொள்ளும். பாட்டின் நடுவிலும் விழிக்கலாம். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. பாட்டு சேரும் ஃபோல்டரை மட்டும் சோதனையிலிருந்து விலக்கி வைக்கலாம். அங்கே வேறு எதையும் போடக் கூடாது, அவ்வளவுதான். பஃபரை 1024-க்கு உயர்த்தினால் கூடைக்கு 23 மில்லி செகண்ட் அவகாசம் கிடைக்கும். ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுபவருக்கு அந்தத் தாமதம் இடைஞ்சல். தாத்தாவுக்கு ஹெட்போன் எதற்கு?

இதுவரை பதினொரு அம்பா வெட்டில்லாமல் பதிவாகி, இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒரு தாலாட்டு, ஒரு நடவுப் பாட்டு, ஒரு ஒப்பாரி யாரோ ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கும். வைரஸ் தின்ற பைலுக்கு பேக்கப் எடுத்து வைக்கலாம். அந்த நெஞ்சுக்கு பேக்கப் கிடையாது. இந்த விடுமுறையிலேயே மைக்கைத் தூக்குங்கள்!