போனது எவ்வளவு?

கணவனோ மனைவியோ வேறொருவரோடு உறவு வைத்திருப்பது தெரிந்து வழக்கறிஞரான என்னிடம் வருகிறவர்களில் பலர் இழப்பீட்டுத் தொகையை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "அரை மில்லியன் வெள்ளி போடுங்க மேடம்" என்பார் ஒருவர். ஏன் அரை மில்லியன் என்று கேட்டால், "அவன் வீட்டை விக்கணும், அப்பத்தான் உறைக்கும்" என்று பதில் வரும். அவருடைய கணக்கில் எதிராளியின் வீடு இருக்கிறது, அவருடைய சொந்த வீடு இல்லை. அவரைத் தம் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில்தான் என் வேலை தொடங்குகிறது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. மணவிலக்கு மனுவிலேயே அந்த மூன்றாம் நபரை இணை எதிர்மனுதாரராகச் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். உறவு மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி தமக்குத் தக்கதாகத் தோன்றும் தொகையை விதிக்கலாம். ஆனால் அதில் தண்டனைக்கென்று ஒரு காசும் சேரக் கூடாது என்று அதே பிரிவு கண்டிப்பாகச் சொல்கிறது. 1857இல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தில் இந்த உரிமை கணவனுக்கு மட்டும் இருந்தது. 1970இல் அவர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள். நாம் வைத்துக்கொண்டோம், மனைவிக்கும் கொடுத்தோம். கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன். வீட்டுக்காரர் போய்விட்ட பெண்களின் இழப்பை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எப்படி மதிப்பிடுவது? சட்டம் அட்டவணை எதுவும் தரவில்லை. 1920இல் இங்கிலாந்தின் பட்டர்வொர்த் வழக்கில் நீதிபதி மெக்கார்டி வகுத்துக் கொடுத்த முறையை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். இழந்த துணையால் குடும்பத்துக்கு இருந்த பயன் ஒரு பக்கம். மனதுக்கும் மானத்துக்கும் குடும்ப வாழ்வுக்கும் நேர்ந்த காயம் இன்னொரு பக்கம். படிக்க எளிது. செய்யும்போதுதான் அதன் கடுமை தெரியும். போனது எவ்வளவு என்று சொல்ல, இருந்தது எவ்வளவு என்று முதலில் காட்ட வேண்டும். துணையைத் திட்டித் தீர்க்க வந்தவர், அந்தத் துணை எவ்வளவு நல்லவராக இருந்தார் என்று சாட்சிக் கூண்டில் நின்று தம் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. குடும்பம் நன்றாக நடந்திருந்தால் இழப்பு பெரிது. ஏற்கெனவே பேச்சுவார்த்தை அற்று, ஆளுக்கொரு அறையில் படுத்திருந்த வீடு என்றால், மூன்றாம் நபர் எதைக் கெடுத்தார் என்ற கேள்வி வரும்.

இதனால்தான் மனுவை எழுதும்போதே கவனம் வேண்டும். மணமுறிவைக் காட்டும் ஆவேசத்தில் சிலர் "பத்து வருஷமா நரகம்தான் மேடம்" என்று சொல்வதை அப்படியே எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டுதான் குறுக்கு விசாரணையைத் தொடங்குவார். நரகத்தை இழந்ததற்கு என்ன ஈடு கேட்பது? நான் உண்மையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. உண்மையிலேயே நரகம் என்றால் இழப்பீட்டுக் கோரிக்கையை விட்டுவிடச் சொல்கிறேன்.

விடாதவர்களிடம் காகிதங்கள் கேட்கிறேன். சேர்ந்து கட்டிய வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிப் படிவங்களில் யார் கையெழுத்து, பத்துமலைக்கு ஒன்றாகப் போன படங்கள், சந்தேகம் வருவதற்கு முந்தைய மாதங்களின் வாட்ஸ்அப் உரையாடல்கள். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்ற ஒரு வரி, உறவினர் எழுதிக் கொடுக்கும் நீண்ட சத்தியப் பிரமாணத்தைவிட எனக்கு உதவியிருக்கிறது. இவற்றைத் தேடி எடுப்பது கட்சிக்காரருக்குப் பெரிய வேதனை. அதை ஒரே நாளில் செய்யச் சொல்வதில்லை.

பணமாக எண்ணக்கூடியதும் உண்டு. கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவிதான் கல்லாவையும் கணக்கையும் பார்த்துவந்தார். அவர் போன பிறகு சம்பளத்துக்கு ஆள் வைத்த செலவைச் சீட்டோடு காட்ட முடிந்தது. ஆனால் கள்ள உறவில் செலவழிந்த குடும்பப் பணத்தை இங்கே சேர்க்க மாட்டேன். அது சொத்துப் பங்கீட்டில் பேச வேண்டியது. துப்பறிவாளருக்குக் கொடுத்த கட்டணமும் காயத்தின் அளவாகாது, அதை வழக்குச் செலவில் கேட்கலாம். ஒரே ரசீதை இரண்டு இடத்தில் வைத்தால் நீதிபதிக்கு மற்ற ரசீதுகளின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

மூன்றாம் நபர் பணக்காரர் என்பதால் தொகை ஏறாது. அந்தப் பணத்தைக் காட்டித்தான் இழுத்தார் என்றால் மட்டும் அதற்கு இடமுண்டு. மணமானவர் என்று அவருக்குத் தெரியுமா என்பது முக்கியம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பழகிய நண்பர் என்றால் காயம் ஆழம். அது தண்டனையாக அல்ல, காயத்தின் அளவாகவே கணக்கில் வர வேண்டும். வாதுரை எழுதும்போது இந்தக் கோட்டை ஒவ்வொரு வாக்கியத்திலும் சரிபார்க்கிறேன்.

மனுவில் நான் தொகை குறிப்பிடுவதில்லை. நீதிமன்றம் தக்கதெனக் கருதும் இழப்பீடு என்றே கேட்கிறேன். எண் முதலில் காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் சமரசக் கடிதத்தில்தான். அதற்கு முன் கட்சிக்காரருக்கு 58ஆம் பிரிவின் இன்னொரு பகுதியைப் படித்துக் காட்டுகிறேன்: கிடைக்கும் தொகையை அறங்காவலர்களிடம் ஒப்படைத்து, வயது வராத பிள்ளைகளுக்குப் பயன்படும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். சிலர் அதைக் கேட்டதும் கோபிப்பார்கள், தங்கள் பணம் என்று. சாப்பாட்டுக் கடைக்காரர், மகளுக்கு இன்னும் எத்தனை வருடப் படிப்பு பாக்கி என்று விரல்விட்டு எண்ணினார். அதன் பிறகு அவர் சொன்ன தொகைக்கு என்னால் காரணம் எழுத முடிந்தது.