மஞ்சள் கொடி, நீலக் கொடி

பாளையம்பட்டிக்காரனுக்கா கார் ஓட்டத் தெரியாது என்ற மிதப்பில்தான் இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தய ஓட்டம் பழகப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், 1990-இல் திறந்த பந்தயத் தடம். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன் பந்தயமெல்லாம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான்.

காலையில் வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமாக வருகிறவருக்கு வழி விட வேண்டும். (இந்த நீலக் கொடி நம்மூர் மினிபஸ்காரர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்!)

பிறகு தடம். மூன்றாவது சுற்றில், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்பக்கம் வீசி, வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. பயிற்சியாளர் திட்டவில்லை.

"நேரா போறப்பவே பிரேக்கை முடிச்சிருங்க சார். திரும்பறப்ப டயருக்கு ஒரு வேலைதான் குடுக்கணும்."

பிரேக், திருப்பம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் டயர் பிடியை விட்டுவிடுமாம். கண்ணும் பானெட்டில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்துக்கு முன்னமே போய்விட வேண்டும். சீமைக்கருவேலம் மறைக்கிற திருச்சுழி ரோட்டில் பதினைந்து வருஷமாக நான் செய்தது அத்தனையும் தப்பு.

ஊர் திரும்பியதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "வண்டி எவ்வளவுடா மைலேஜ் குடுத்துச்சு?"