கல்லுப்பில் இல்லாத கடல்

வெள்ளி, இரவு

ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்கிவிட்டேன். ஆர்.ஓ. கருவியைத் தாண்டி வரும் தண்ணீர், ரெசின் குடுவைக்குள்ளும் புகுந்து வெளியேறுகிறது. டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே டிரம்மில் பிடிக்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் பாசி மண்டிவிடும். பழைய குழாயிலிருந்து செம்பு கொஞ்சம் கலந்தாலும் இறால் தாங்காது.

சென்னையில் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, மொண்டு வரலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூவமும் அடையாறும் வந்து சேரும் கரை நீரை இந்த உயிர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சனி, காலை

டிரம்மில் 40 லிட்டர். ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, பம்பை ஓடவிட்டேன். பிறகு, கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையில் ஒன்றரைக் கிலோவை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடர்த்தி கூடிய இடத்தில் கால்சியம் வெண்மையாகப் படிந்துவிடும், அப்புறம் கரையாது.

“கல்லுப்பு போட்டா ஆகாதாப்பா?” என்றாள் மகள்.

நல்ல கேள்வி. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம். அதன் பிறகே உப்பு விளைகிறது. மக்னீசியத்தில் பெரும்பகுதி, மிஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகிறது. சமையலுக்கு அதுதான் நல்லது. ஆனால் மீனுக்கு, பாத்தியில் பிரிந்துபோன அத்தனையும் வேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மக்னீசியம் 1300 அளவில், கூடவே பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட். கலவை விலை கூடுதலாக இருப்பது இதனால்தான் என்றேன்.

சனி, இரவு

நீர் தெளிந்துவிட்டது. ஆனாலும் காலைவரை பம்ப் ஓடட்டும். காற்றோடு கலந்து பி.ஹெச். 8.2 அளவில் நிலைகொள்ள நேரம் வேண்டும்.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வேதியியலாளர் வில்ஹெல்ம் டிட்மார் ஆராய்ந்து, 1884இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தாலும், முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறவில்லை. வீட்டு டிரம்மில் கடலைக் கலக்க முடிவது அந்த மாறாத விகிதத்தின் தயவால்தான்.

ஞாயிறு, காலை

உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுத் திரவத்தால் முதலில் சரிபார்த்தேன். புதுநீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 35. தொட்டியிலும் அதே அளவு, அதே வெப்பம். மெதுவாக ஊற்றினேன். மீன் தன் உடலின் உப்பைத் தானே சமன்செய்துகொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்த ஆற்றல் இல்லை. சுற்றியுள்ள நீர் மாறினால் அதன் உடல்நீரும் மாறிவிடும்.

இனி வாரம் முழுவதும் ஆவியாவதற்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மட்டுமே விட வேண்டும். வெயிலில் போவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டு யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வேன்: மீன் வாங்கும் முன் தண்ணீர் செய்யப் பழகுங்கள். கடலில் பிடிக்காத இடத்தைவிட்டு மீன் நீந்திப் போய்விடும். நம் தொட்டியில் அதற்குப் போக்கிடம் கிடையாது.