கொண்டு போக முடியாத சொத்து



எங்கள் பள்ளி சிறிய பள்ளி. காற்பந்துக் குழுவுக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. அண்மையில் நடந்த மாவட்டப் போட்டியில் 0-7 என்று தோற்றுத் திரும்பினோம். மறுநாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "பெரிய பள்ளிகூட மோதி நாம ஜெயிக்கவே மாட்டோம். அப்புறம் எதுக்கு சார் விளையாடணும்?" என்று கேட்டான். முயன்றால் முடியும் என்று எல்லா ஆசிரியரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் பதில் அவனைத் தொடவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

காற்பந்து வரலாற்றைப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். அதிலிருந்து ஒரு கதையை மறுநாள் வகுப்பில் சொன்னேன். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ருமேனியாவின் மேற்கு எல்லையை ஒட்டி, முரேஷ் ஆற்றங்கரையில் அராட் என்றொரு நகரம் உள்ளது. தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து வெகுதூரம். அங்கே ஒரு பெரிய நெசவாலையை நடத்திவந்தவர் பிரான்சிஸ்க் நொய்மான் பிரபு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், தம் ஆலையின் பெயரில் ஒரு காற்பந்துக் கழகத்தை அவர் தொடங்கினார். 1946-இல் அதற்கு ஒரு விளையாட்டரங்கமும் எழுந்தது. இலண்டனில் ஆர்சனல் குழுவின் ஹைபரி அரங்கத்தைப் பார்த்துக் கட்டியது என்று அதைச் சொல்வார்கள்.

கழகம் 1947-இல் தேசிய லீக்கை வென்றது. 1948-இல் லீக், கிண்ணம் இரண்டையும் வென்றது. அந்தப் பருவத்தில் லடிஸ்லாவ் பொன்ஹாடி என்ற ஆட்டக்காரர் மட்டும் 49 கோல்கள் அடித்தார். இதைச் சொன்னதும் பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் அதே 1948-இல் புதிய பொதுவுடைமை அரசு ஆலைகளைத் தேசியமயமாக்கியது. நொய்மானின் ஆலை பறிபோயிற்று. அவர் நாட்டை விட்டே வெளியேறினார். 1950-இல் கழகத்தின் பெயரையும் 'செங்கொடி' என்று பொருள்படும்படி மாற்றிவிட்டார்கள். இதற்கிடையே தலைநகரில் 1947-இல் இராணுவத்தின் கழகமும், 1948-இல் உள்துறை அமைச்சின் கழகமும் தோன்றியிருந்தன. அரசின் பலமே அவற்றின் பின்னால் நின்றது. அத்தகைய காலத்திலும் அராட் குழு 1950-இலும் 1954-இலும் லீக்கை வென்றது. 1958-இல் 'அராட் நெசவாலை' என்பதன் சுருக்கமாக யு.டி.ஏ. என்ற பெயரைப் பெற்றது. 1969, 1970 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடியது.

இனிதான் கதையின் உச்சம். நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் குழு 1970 மே மாதம் ஐரோப்பியக் கிண்ணத்தையும், செப்டம்பரில் கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்தையும் வென்றிருந்தது. அதே செப்டம்பரில், ஐரோப்பியக் கிண்ணத்தின் முதல் சுற்றில் அராட் குழு அதனை எதிர்கொண்டது. ரொட்டர்டாமில் 1-1. அராட்டில் 0-0. எதிரணியின் திடலில் அடித்த கோலுக்கே மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதிப்படி ஃபெயனூர்ட் வெளியேறியது!

வகுப்பே கைதட்டியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லிப் பிள்ளைகளை ஊக்குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த சுற்றில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் குழுவிடம் அராட் தோற்றதையும், 1979-இல் முதல் நிலை லீக்கிலிருந்தே இறங்கியதையும், பிறகு பல ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் தடுமாறியதையும் சொன்னேன். பழைய அரங்கம் 2014-இல் இடிக்கப்பட்டது. 2020-இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே கழகமும் முதல் நிலைக்குத் திரும்பியது. அந்தப் புதிய அரங்கத்திற்கு ஊர் வைத்த பெயர், பிரான்சிஸ்க் நொய்மான்.

முதல் நாள் கேள்வி கேட்ட அதே மாணவன் மீண்டும் கையை உயர்த்தினான். "அந்த முதலாளி போறப்போ குழுவையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே சார்?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "ஊரையே எப்படிடா தூக்கிக்கிட்டுப் போறது?"

வகுப்பு சிரித்தது. எனக்கோ அந்தச் சொல் இரவெல்லாம் மனத்தில் நின்றது. ஆலையைப் பறித்தார்கள், பெயரை மாற்றினார்கள். எனினும் சனிக்கிழமையோ ஞாயிறோ திடலுக்குப் போகும் பழக்கத்தையும், 'இது நம் குழு' என்ற எண்ணத்தையும் அந்த ஊர் மக்களிடமிருந்து எவராலும் எடுக்க முடியவில்லை. நொய்மான் விட்டுச் சென்றது அதைத்தான். ஆசிரியர்களாகிய நாமும் மாற்றலாகிப் போகிறோம், ஓய்வு பெறுகிறோம். போகும்போது எதையும் எடுத்துச் செல்வதில்லை. பிள்ளைகளிடம் எந்தப் பழக்கத்தை விட்டுச் செல்கிறோம் என்பதே கேள்வி. புள்ளிகளையும் கிண்ணங்களையும் மட்டுமே கணக்குப் பார்க்கும் பெற்றோரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கடுத்த ஆட்டத்திலும் தோற்றோம், 0-3. பேருந்தில் ஏறும்போது அந்த மாணவன் என் அருகில் வந்து மெல்லச் சொன்னான்: "நாலு கோல் குறைஞ்சிருக்கு சார். அடுத்த வாரம் பயிற்சி எப்போ?"