கொட்டி வளரும் தொட்டி

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு

ராத்தாவின் மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். ஜப்பானிய நியூட், பல்லி போன்ற ஒரு நீர்ப்பிராணி. வயிறு தீச்சிவப்பு, தட்டையான வாலை அசைத்து அசைத்துச் செடிகளுக்குள் நீந்துகிறது. "மாமா, இதுக்கு ஒரு தொட்டி செஞ்சு தாங்களன்."

முற்றத்து வாளித் தண்ணீரில் வெப்பமானியை இட்டேன். 30 பாகை. அந்தப் பிராணிக்கு 20ஐ ஒட்டிய குளிர் வேண்டும். வெக்கை ஏறினால் இரை எடுக்காது, நோய் பற்றும். இலங்கைக் காடுகளில் நியூட் என்ற இனமே கிடையாது. நமக்குப் பக்கத்தில் இருப்பது டார்ஜிலிங், சிக்கிம் மலைக்குளங்களில் வாழும் இமாலய நியூட்தான். கல்முனை வெயிலில் குளிரூட்டி வைத்து, கரண்ட் போகும் நேரமெல்லாம் ஒரு உயிரைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை.

அன்றிரவு

இன்னொன்றும் அவனுக்குச் சொன்னேன். 2010ஐ ஒட்டி நெதர்லாந்துக் காடுகளில், நியூட்டுக்கு உறவான மஞ்சள் புள்ளிச் சலமந்தர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. தோலை அரிக்கும் ஒரு பூஞ்சைதான் காரணம். 2013இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆசியாவிலிருந்து வளர்ப்புக்கென்று போன நியூட்டுகளோடு அது ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கிட்டங்கி ஆற்றுப் பக்கம் போனால் ஆற்றுவாழை. பூ அழகென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவந்த செடி அது. 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். நூறு வருடம் கடந்தும் தோணிக்காரர் இன்னும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அழகுக்காக ஓர் உயிரை இடம் மாற்றுமுன் ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும். என் மருமகன் இதை இந்த வயதிலேயே அறிந்துகொள்வது எனக்கு முக்கியம்.

ஞாயிறு

தொட்டி வைப்பதென்றே முடிவு. ஆனால் நம்முடைய குளத்துத் தொட்டி.

குளத்தில் வளரும் கொட்டிச் செடியின் கிழங்கைச் சந்தையில் வாங்கியிருந்தோம். அதில் முளை கண்டவற்றை அவிக்காமல் ராத்தா ஒதுக்கி வைத்திருந்தா. கருந்தோல், அடியில் மயிர் போலப் பழைய வேர், உச்சியில் நெல்லளவு பச்சை நுனி. வட்டை மண்ணை அரித்து ஓர் அங்குலம் பரப்பினோம். மேலே கழுவிய ஆற்று மணல். நுனி வெளியே தெரியும்படி கிழங்கை அமுக்க வேண்டும். நுனியும் புதைந்தால் அழுகிவிடும். எங்கள் கடலோரக் கிணறுகளில் உவர் உண்டு. அதனால் பைப் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, மணல் கலங்காமல் ஒரு பீங்கான் தட்டின் மேல் மெதுவாக வார்த்தோம்.

மறு வெள்ளி

இலை வந்துவிட்டது! கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தால் நடுநரம்பும் குறுக்கு நரம்புகளும் தெரிகின்றன. கொட்டியின் பேரினம் அப்போனோஜெட்டன். அதில் கிரிஸ்பஸ் என்ற நெளியிலைச் செடி, இலங்கைக் குளங்களில் தானாக வளர்வது, ஐரோப்பிய வீட்டுத் தொட்டிகளில் காசு கொடுத்து வாங்கி வளர்க்கப்படுகிறது. இங்கே நாங்கள் அந்தக் குளங்களுக்குள் குப்பை கொட்டுகிறோம். இதை நினைத்தால் வயிறு எரிகிறது. குளம் வற்றும் காலத்தில் இலை உதிர்த்துக் கிழங்காகத் தூங்குவது இந்தச் செடிகளின் இயல்பு. தொட்டியிலும் ஒருநாள் இலை கருகலாம். செத்துப்போனதென்று பிடுங்கிவிடக் கூடாதென்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"மீன் எப்ப மாமா?"

பொறுக்கத்தான் வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாக்கி, அதையும் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் மணலில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு வயல் வாய்க்காலில் தலையுச்சியில் வெள்ளிப் புள்ளி மின்ன மேல்மட்டத்தில் திரிகிற சின்ன மீனைக் கொஞ்சமாகப் பிடித்து வருவோம். நுளம்புக் குடம்பிகளை விழுங்கும். 30 பாகை அதற்குப் பழகிய சூடு. துள்ளி வெளியே விழக்கூடியது என்பதால் மூடி கட்டாயம். கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தாயிற்று.