பால் மறக்கடிப்பவள்

கடற்கரை ஊர்களில் முஸ்லிம்கள் வாழும் தெரு ஒன்றில் நின்று "பாத்திமா" என்று குரல் கொடுத்தால் நாலு வாசலில் தலை தெரியும். சித்தி பாத்திமா, பாத்திமா பீவி, பாத்துமுத்து, வெறும் பாத்து என்று எத்தனை வடிவம்! 'ஃ' போட்டு எழுத வேண்டும் என்பார்கள் இளைஞர்கள். நம் ஆச்சிமார் வாயில் அது எப்போதும் 'பா'தான்.

பொருள் கேட்டால், நரக நெருப்பை விட்டு விலக்கப்பட்டவர் என்று விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் சொல்லின் வேர் இன்னும் பழையது, வீட்டுக்குள் பிறந்தது. அரபியில் 'ஃபதம' என்றால் குழந்தைக்குப் பால்குடியை நிறுத்துவது. அதன்படி ஃபாத்திமா என்பவள் பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பவள். நம் வீடுகளில் வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொண்டு, பிள்ளை முகம் சுளித்து அழுவதைப் பார்த்துத் தானும் அழும் தாய் இருக்கிறாளே, அவளேதான். கன்று ஓராண்டை எட்டிப் பால் மறந்த தாய் ஒட்டகத்தைக்கூட அரபிகள் 'ஃபாத்திம்' என்பார்கள்.

பிறந்த அன்றே ஒரு பெண் குழந்தைக்கு ஏன் இந்தப் பெயர்? என்னைக் கேட்டால், அது ஒரு வாழ்த்து. நீ பிழைத்து, வளர்ந்து, பெற்று, உன் பிள்ளையும் பால் மறக்கும் வயதுவரை பிழைக்கட்டும் என்பது. சிசுக்கள் சாவது சகஜமாக இருந்த பாலைவனத்தில் இதைவிடப் பெரிய ஆசை என்ன இருந்திருக்கும்?

இஸ்லாத்துக்கு முன்பே புழங்கிய பெயர் இது. நபிகள் நாயகத்தின் தந்தையைப் பெற்ற பாட்டி பாத்திமா. நபிகளின் மனைவி அன்னை கதீஜாவின் தாயும் பாத்திமா, மருமகன் அலியின் தாயும் பாத்திமா. ஒரு முறை அன்பளிப்பாக வந்த பட்டுத் துணியை அலியிடம் கொடுத்து, "பாத்திமாக்களுக்கு முக்காடாகப் பங்கு வை" என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. ஒரே குடும்ப வட்டத்தில் பன்மையில் சொல்லும் அளவுக்குப் பாத்திமாக்கள்!

ஆனாலும் இன்று இந்தப் பெயரைக் கேட்டதும் மனத்தில் வருபவர் நபிகளின் மகள்தான். மக்காவில் கஅபா அருகே ஸஜ்தாவில், அதாவது நெற்றி தரையில் பட வணங்கும் நிலையில், இருந்த தந்தையின் முதுகில் எதிரிகள் அறுத்த ஒட்டகத்தின் கழிவைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த சிறு பெண், அதைத் தன் கையால் தள்ளி அகற்றிவிட்டு, அவர்களை நேருக்கு நேர் ஏசினாள். பாத்திமா நாயகிக்கு 'உம்மு அபீஹா', அதாவது தந்தைக்குத் தாய், என்றொரு சிறப்புப் பெயர் உண்டு. மகளை "அம்மா" என்று கூப்பிடும் நம்மூர் அப்பாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாத்திமா நாயகியின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஃபாத்திமியர் 909 முதல் 1171 வரை ஆண்டார்கள். கெய்ரோ நகரம் அவர்கள் கட்டியது. ஆனால் அரசர்கள் செய்ததைவிட வேடிக்கையான காரியத்தை இந்தப் பெயர் தானாகவே செய்தது. முஸ்லிம்கள் ஆண்ட போர்ச்சுகலில் அது ஓர் ஊர்ப்பெயராகத் தங்கிவிட்டது. 1917இல் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்த மூன்று சிறுவர் சிறுமியர் மாதாவைக் கண்டதாகச் சொல்ல, 'பாத்திமா மாதா' உலகக் கத்தோலிக்கர்களின் மாதாவானார். அங்கிருந்து அந்தப் பெயர் நம்மிடம் இரண்டாம் முறையாக வந்தது, இந்த முறை தேவாலய வாசல் வழியாக. மதுரையில் 1953இல் கன்னியர்கள் தொடங்கிய மகளிர் கல்லூரி பாத்திமா கல்லூரி. 'கருக்கு' நூலை எழுதிய எழுத்தாளர் பாமாவின் இயற்பெயர் ஃபாஸ்டினா மேரி பாத்திமா ராணி.

ஆகவே, பாத்திமா என்று ஒருவர் பெயர் சொன்னதும் அவர் மதத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.