கிணற்றடித் தோட்டம்

வீட்டு வளவிலே காய்கறி செய்கை பண்ணுதலை இளைப்பாறியோரின் பொழுதுபோக்கு என்று சொல்வார் பலர். நாமும் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னரே மண்வெட்டி பிடித்தவராதலின், அவரோடு வழக்காட முற்படவில்லை. ஆயினும், பல மாரிகளையும் பல கோடைகளையும் அத்தோட்டத்திற் கண்ட பின்னர், அதன் இன்ப துன்பங்களையும், அவற்றினும் மேலாக அது எம்மைச் சிந்திக்க வைத்த ஒரு விடயத்தையும் இம்மலரில் எழுதி வைத்தல் தகுமென்று எண்ணினோம்.

எமது தோட்டம் பெரிதன்று. யாழ்ப்பாணத்து வளவுகள் பலவற்றிற் போலவே நடுவில் ஒரு கிணறு. அதனருகே ஒரு தொட்டி. குளித்த நீர் ஓடும் வாய்க்காலோரம் நாலைந்து வாழை, ஒரு கறிவேப்பிலை. அப்பால் ஏழு பாத்திகள். புரட்டாதியில் நாற்றுமேடை போட்டு, நான்கு வாரமளவில் கத்தரி, மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கி நடுவோம். வெண்டியையும் பயிற்றையையும் நேரே ஊன்றுவோம். பாகலுக்கும் புடலுக்கும் பந்தர் உண்டு. வேலியோரத்து முருங்கை எவர் தயவையும் வேண்டாது தானே வளரும்.

காலையில் பந்தரின் கீழ் நிற்பது தனியின்பம். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வரத் தவறிய நாளில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் தலையில் நாமே தடவிவிடுவோம். வெயில் ஏறுமுன் இது நடைபெறல் வேண்டும். பூ வாடிய பின் பயனில்லை. புடலங்காய் சுருண்டு வளராதிருக்க அதன் நுனியிலே சிறு கல்லொன்றைக் கட்டித் தொங்கவிடுவோம். பிள்ளைகளை வளர்க்குங் காலத்தில் இத்துணை எளிய உபாயம் எமக்குக் கிடைத்ததில்லை.

இனித் துன்பங்களைச் சொல்லப் புகின் பக்கங்கள் போதா. கத்தரியின் குருத்து ஒருநாட் காலையில் தலை சாய்ந்து நிற்கும். உள்ளே புழு இருக்கிறதென்பது அதன் பொருள். அக்குருத்தை அன்றே வெட்டி அழிக்காவிடின் அடுத்த தலைமுறைப் புழு காய்க்குள்ளே குடிபுகும். பாகற் பிஞ்சிலே பழ ஈ முட்டையிடுமுன் ஒவ்வொன்றுக்கும் பழைய பத்திரிகைத் தாளாற் சட்டை தைத்துப் போடல் வேண்டும். வெண்டியின் இலைநரம்பு மஞ்சளாயின் அது வெள்ளை ஈ கொணர்ந்த நோய், மருந்தில்லை, பிடுங்குவதே வழி. மாரியில் முருங்கையை மயிர்க்கொட்டி மூடும். இவையனைத்துக்கும் தப்பியதை அயல்வீட்டு ஆடு கண்டுகொள்ளும். வேலி எவ்வளவு செவ்வையாக அடைக்கப்பட்டாலும் அதிற் பலவீனமான கதியால் எதுவென்பது வீட்டுக்காரருக்கு முன்னர் ஆட்டுக்குத் தெரிந்துவிடுகிறது.

மழையும் சில வேளை பகையாகும். 2008 நவெம்பரில் நிஷாப் புயல் கொணர்ந்த வெள்ளத்தில் எமது பாத்திகள் ஏழும் ஒரு குளமாயின. 2020 டிசெம்பரில் புரெவிப் புயலின்போது பந்தர் சரிந்து புடலங்கொடி சேற்றிற் கிடந்தது. இரண்டு முறையும் தையிலே மீண்டும் தொடங்கினோம்.

வரவு செலவுக் கணக்குப் பார்ப்பின் தோட்டக்காரன் தலைகுனிய வேண்டியதே. "இஞ்சாருங்கோ, உங்கட கத்தரிக்காயிலும் பார்க்கச் சந்தைக் கத்தரிக்காய் மலிவெல்லோ?" என்று எமது இல்லாள் கேட்பதுண்டு. அதற்கு இதுவரை தக்க விடை கூறினோமில்லை. காய்க்குங் காலத்தில் எல்லா வளவிலும் ஒருங்கே காய்க்கும். வேலிப் பொட்டினூடாக நாம் ஒரு பிடி பயிற்றங்காய் கொடுப்போம். அதே பொட்டினூடாக இரண்டு பிடி பயிற்றங்காய் திரும்பி வரும்.

எனினும், இக்கணக்கு எக்காலத்துக்கும் பொருந்துவதன்று. 1990களிலே எரிபொருளும் உரமும் குடாநாட்டுக்கு வருதல் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், எமது அன்னையார் கிணற்றடியில் வைத்த கீரையும் மரவள்ளியுமே பல நாட்களில் எம்மை உண்பித்தன. 2022இல் நாடு கடனில் ஆழ்ந்து பொருள்கள் அரிதானபோது, வீட்டுத்தோட்டஞ் செய்யும்பொருட்டு அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்கப்பட்டது. தோட்டத்தின் பெறுமதி நல்ல காலத்தில் மறைந்திருந்து, கெட்ட காலத்தில் வெளிப்படுவது.

இனி, எம்மைச் சிந்திக்க வைத்த விடயத்துக்கு வருவோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்று எமது குடாநாட்டில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிக் கிணற்று நீராகின்றது. அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகவே, மேலே ஓரடியை இறைத்து வற்றச் செய்வோமாயின் கீழே உவர் எவ்வளவு ஏறுமென்பதை வாசகரே கணித்துக் கொள்ளலாம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

உவரிலும் நுண்ணியதோர் ஆபத்தும் உண்டு. பயிர் உண்டது போக எஞ்சிய யூரியா மண்ணில் நைத்திரேற்றாகி, மழையோடு இறங்கி, அதே பாறை வெடிப்புகளினூடே அதே கிணற்றை அடைகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எமது குடாநாட்டிற் செறிவாகப் பயிர் செய்யப்படும் இடங்களிற் பல கிணறுகள் அவ்வரம்பைத் தாண்டியிருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். வரம்பு மிஞ்சிய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வன்மையைக் குறைத்து, உடல் நீலம் பாரிக்கச் செய்யவுங் கூடும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

எமது இல்லத்திற் பேரக்குழந்தை பிறந்திருந்த ஆண்டில் பயிற்றங்கொடி மஞ்சளித்து நின்றது. வந்த நண்பரொருவர், "ஒரு பிடி யூரியா போட்டால் ஒரு கிழமையிற் பச்சை பிடிக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆயின் அப்பாத்திக்கும் கிணற்றுக்கும் இடையே பத்தடி தூரமே இருந்தது. அன்று கிணற்றடியிற் குழந்தைக்கு நீர் மொண்டுகொண்டிருந்தவளைப் பார்த்தோம். பயிற்றங்கொடி மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவ்வாண்டு காய் குறைவு.

இதனால் இரசாயன உரம் இடும் கமக்காரரை நாம் குறைகூறுவதாக எவரும் கொள்ளற்க. தோட்டத்தையே நம்பிக் குடும்பம் நடத்துபவர் ஒரே இரவில் உரத்தைக் கைவிட இயலாது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை நீக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. இயற்கை எருவும் குற்றமற்றதன்று. அளவு மிஞ்சின் மாட்டெருவும் நைத்திரேற்றாகும். கிணற்றை அடுத்துள்ள மலகூடக் குழியும் அதனையே செய்யும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் எம் முன்னோர். ஆறில்லாத நாட்டிலே கிணற்றடிப் பாத்தியிற் போடுவதை இன்னும் கவனமாக அளத்தல் வேண்டும்.

வாழ்வுக்காகப் பயிர் செய்யாத எம்போன்றோருக்கு இது கடினமன்று. பூவரசங்குழையையும் வாதநாராயணிக் குழையையும் வெட்டித் தாழ்க்கின்றோம். கத்தரிக்குப் பின் அதே பாத்தியிற் பயிற்றை ஊன்றுகின்றோம். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும். காய்ந்த சருகால் பாத்தியை மூடி, வெயில் தாழ்ந்த பின் நீர் விடுகின்றோம். கூரையில் விழும் மாரிநீர் வீதிக்கு ஓடாது வளவிலேயே இறங்கக் குழி வெட்டியுள்ளோம்.

இம்மலரைக் கையிலேந்தும் இளைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். இரசாயனகூடத்தில் நைத்திரேற்றைச் சோதிக்கக் கற்கும் நாளில், தத்தம் வீட்டுக் கிணற்று நீரிலும் ஒரு போத்தல் கொண்டு செல்லுங்கள். பெறுபேறு எதுவாயினும் அதனை வீட்டாருக்குச் சொல்லுங்கள். அயலவருக்கும் வேலிப் பொட்டினூடாகச் சொல்லிவிடுங்கள். அவருடைய கிணறும் உங்களுடைய கிணறும் ஊறுவது ஒரே பாறையின் நீரிலேயாம்.